உள்தாழ்ப்பாள்

சனிக்கிழமை மதியம் சிவகாமசுந்தரி, சிங்கப்பூரின் தோ பாயோ கட்டுமான இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவள் காலணியில் செம்மண் அப்பியிருந்தது. காலை ஆறரையிலிருந்து நின்றபடியே வேலை. அடுக்குமாடி வீடுகள் கட்டும் ஒரு தனியார் கன்ட்ராக்டரிடம் அவள் டெக்னீஷியன். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பியைச் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள். அது இல்லாமல் ஊற்றக் கூடாது. 1966-இல் அப்படி ஒரு வேலையில் அவளுக்குத் தெரிந்து வேறு பெண் இல்லை. அதனால்தான் பள்ளிக்கூடங்கள் அவளைக் கூப்பிட்டன. அந்த வருஷத்தில் இது ஐந்தாவது.

தலைமையாசிரியை யோகம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வந்திட்டீங்களோ? பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கினம். நல்லதைச் சொல்லுங்கோ, என்ன? கஷ்டத்தைச் சொல்லிப் பயப்படுத்திப் போடாதேங்கோ."

அவள் நல்லதையே சொன்னாள். ஊர் முழுக்கக் கட்டுகிறார்கள், ஆள் போதவில்லை. கணக்கு நன்றாக வந்தால் பாலிடெக்னிக்கில் சேரலாம், பெண்களுக்கும் இடம் உண்டு. முன்பு நான்கு பள்ளிகளில் சொன்ன அதே வார்த்தைகள். அவள் குரல் அவளுக்கே ரேடியோ விளம்பரம் மாதிரிக் கேட்டது. பதினோரு பெண்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. பாக்கியலட்சுமி என்று பெயர் சொன்னாள்.

"மிஸ், எனக்கு ஆசையா இருக்கு. ஆனா அம்மா வேணாங்கிறாங்க. டைப்பிங் கிளாஸ் போகச் சொல்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து பேசுறீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் சிவகாமிக்கு வாய் வந்தது. இதுபோல மூன்று வீடுகளுக்கு அவள் போயிருக்கிறாள். மூன்றிலும் நல்ல காப்பி கிடைத்தது. ஒரு பெண்ணும் படிக்கப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து விலாசத்தை எழுதிக்கொண்டாள்.

ஜாலான் புசாரில் ஒரு இரும்புக் கடையின் மாடியில் அவர்களுடைய ஒற்றை அறை. புருஷன் இல்லாத அவள் அம்மா செல்லக்கண்ணு, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்து மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிவகாமி போனபோது அவள் காலை நீட்டி உட்கார்ந்து வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் என்ன, கல்யாணம் ஆகுமா என்று கேட்பாள் என எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தாள் சிவகாமி. செல்லக்கண்ணு கேட்டது வேறு.

"அங்க நீங்க ஒன்னுக்கு எங்க போறீங்க?"

பாக்கியலட்சுமி, "அம்மா!" என்று கூசினாள்.

"நீ சும்மா இரு. சொல்லுங்க மிஸ்."

 அந்த வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் யாரும் சிவகாமியிடம் கேட்காத கேள்வி அது.

"போறதில்லைக்கா," என்றாள். "ஆம்பளைங்களுக்கு ஒன்னு இருக்கு, அதுக்குக் கதவு கிடையாது. காலையில வீட்ட விட்டுக் கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

"கேட்டுப் பாக்கலியா?"

"கேட்டேன். ஒரு ஆளுக்காகக் கட்ட முடியாதுன்னுட்டாங்க."

செல்லக்கண்ணு கணுக்காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, "நானும் ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவதான்," என்றாள். "எங்களுக்கும் கதவு இல்ல. ஆனா நாங்க ஏழெட்டுப் பேரு. ஒருத்தி போனா இன்னொருத்தி காவலுக்கு நிப்பா. நீங்க ஒத்தையா நின்னு, எம் பொண்ணையும் ஒத்தையா நிக்கக் கூப்பிடுறீங்களே!"

சிவகாமி செருப்பை மாட்டிக்கொண்டு மாடியிறங்கினாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் கோபம் வந்தது. செல்லக்கண்ணு மேல் அல்ல. ஒரு தடவை கேட்டதோடு நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேல்.

திங்கட்கிழமை எட்டாம் மாடித் தளத்துக்குக் காங்கிரீட் ஊற்ற வேண்டும். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் சிவகாமி வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். பத்து மணிக்கு, வேலையாட்களை மேற்பார்க்கும் தங்கராஜுவிடம் போனாள்.

"நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன். டாய்லெட் போகணும்."

"இப்பவா? கம்பி யாரும்மா பாக்குறது?"

"நான்தான். வந்து பாக்குறேன். போக வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"என்ன விளையாடுறீங்களா? காங்கிரீட் இறுகிடும் லா!"

"கலக்கவேண்டாம்னு சொல்லுங்க."

அவள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்து, கம்பியை அங்குலம் அங்குலமாக அளந்து, கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனாள். அன்று முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். "வேற எங்க சார் போறது?" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமையும் அவள் போனாள்; நாற்பது பேர் கைகட்டி உட்கார்ந்திருக்க, மிக்சர் சும்மா நின்றது. வியாழக்கிழமை காலை சிமெண்டுக் கிடங்குக்குப் பக்கத்தில் பலகையடித்து, தகரம் வேய்ந்து, உள்ளே தாழ்ப்பாளும் வெளியே பூட்டும் போட்ட ஒரு கழிப்பறை நின்றது. தங்கராஜு சாவியைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. வேலையாட்கள் பல மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கழிப்பறை வந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவள் மறுபடி ஜாலான் புசாருக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வெற்றி என்று சொல்லிக்கொள்ளும் தெம்பு அவளிடம் இல்லை. செல்லக்கண்ணு முழுவதையும் கேட்டாள்.

"எத்தன நாள் போய் வந்தீங்க?"

"மூணு."

"மூணு நாள்ல கட்டிட்டானுங்க. நாலு வருஷமா முடியலையாம்." செல்லக்கண்ணு மகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாலிடெக்னிக் ஃபாரத்தை எடு."

மறுவருஷம் பாக்கியலட்சுமி பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பையன்கள். பெண் அவள் ஒருத்திதான். முதல் நாள் சிவகாமி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பாலிடெக்னிக் வாசலுக்குப் போனாள். வேலை முடிந்து நேரே வந்திருந்த செல்லக்கண்ணு மரத்தடியில் சோப்பு வாசனையோடு உட்கார்ந்திருந்தாள். சிவகாமியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு இதெல்லாம் பழகிடுமா மிஸ்?"

பள்ளிக்கூடங்களில் சொல்லும் பதில் சிவகாமியின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"பழகாதுக்கா," என்றாள். "எனக்கு இன்னும் பழகல. ஆனா வேலையக் கத்துக்குவா."

செல்லக்கண்ணு தலையாட்டினாள். உள்ளே மணி அடித்தது. இருவருக்கும் எழுந்து போக மனமில்லாமல், வெயில் காலடிக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.