நிற்கும் தூரம்

டெனிஸ் கத்தாரில் பதினோரு வருடம் டயர் கடையில் வேலை பார்த்தவன். ஊர் திரும்பியதும் யட்டியாந்தோட்டை பஜாரில் சின்னதாக ஒரு கராஜ் போட்டான். பஞ்சர் ஒட்டுவது, பாவித்த டயர்களை வாங்கி விற்பது. அடுத்த வருடமே இரத்தினபுரி மாணிக்க வியாபாரி முக்தாரிடமிருந்து இருபது வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை. தரையோடு ஒட்டிக்கொண்டு போன அதற்கு, அவன் குடியிருந்த தோட்டத்துச் சனம் தவளை என்று பெயர் வைத்தது. தொழிலாளர் லயத்துப் பாதையில் காரின் அடி தட்டும் என்பதால், காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடப்பான்.

காரோடு வந்த டயர்கள் தேய்ந்துபோயிருந்தன. புது டயருக்காக இரத்தினபுரியில் ஒரு பெரிய கடைக்குப் போனான். முதலாளியின் மகள் ஹிமாயா கவுண்டரில் இருந்தாள். டெனிஸின் கண் ஒரு ரேஸ் டயரில் விழுந்தது. கோடே இல்லாத வழுவழுப்பான முகம்.

“அதுவா? காஞ்ச ரோட்டுல புலி மாதிரி பிடிக்கும்,” என்றாள் ஹிமாயா. “ஆனா அண்ணா, நீங்க எந்தப் பக்கம் ஓட்டுறீங்க?”

“யட்டியாந்தோட்டை, கித்துல்கல.”

“அங்க ரோடு காஞ்சு கிடக்கிறது வருஷத்துல எத்தனை நாள்?”

டெனிஸ் சிரித்துவிட்டான். அவள் எடுத்துக் காட்டியது வேறொன்று. மிருதுவான ரப்பர், தண்ணீரை வாரி வெளியே தள்ளும் ஆழமான கோடுகள். பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தான்; அதே வருடம் செய்த டயர். நாலையும் போடச் சொன்னான்.

கழற்றிய பழைய டயர்களை ஹிமாயா குனிந்து பார்த்தாள். “இதை இங்கயே விட்டுட்டுப் போங்க. வெட்டித்தான் கழிவுக்கு அனுப்புவோம். மழைக்கு இதுல ஓடக் கூடாது.”

“இல்ல, ஒரு கூட்டாளிக்கு வேணும்,” என்றான் டெனிஸ்.

கூட்டாளி என்றது கிருஷாந்தை. ஒரே தோட்டம், ஒரே வகுப்பு. வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவன் காருக்கும் அதே அளவு டயர்தான். அவனுடையதில் கம்பியே வெளியே தெரிந்தது. அன்று ஹயர் ஓட்டம் ஒன்றுக்கு இரத்தினபுரி வந்திருந்தவன், கொஞ்ச நேரத்தில் கடை வாசலுக்கு வந்து நான்கு டயரையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டான். மாலையில் டெனிஸே தன் கராஜில் மாட்டிக் கொடுத்தான். கோடுகள் தேய்மான அடையாளத்தோடு சமமாகியிருந்ததைப் பார்த்தான். கம்பி தெரிவதை விட இது மேல் என்று நினைத்துக்கொண்டு நட்டை இறுக்கினான்.

“பெரிய உதவி மச்சான்,” என்றான் கிருஷாந்த்.

புது டயர் வந்த பிறகு டெனிஸுக்குக் கார் வேறு காராகிவிட்டது. முதல் இருநூறு கிலோமீட்டரைப் பொறுமையாக ஓட்டினான். அதன் பிறகு வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பியது. சல்லி ரோட்டில் கோடுகளுக்குள் கல் சிக்கி டக்டக்கென்று சத்தம் போடும்; வீட்டுக்குப் போகுமுன் ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாய் நோண்டி எடுப்பான். பிரேக்கில் லேசாகக் கால் பட்டாலே மனைவி ஜூலியட்டின் கைப்பை முன்னால் பறக்கும்.

“மூக்கை உடைச்சுக்கத்தான் போறேன்,” என்பாள்.

“நிக்கிது பாத்தியா?” என்று பூரிப்பான் அவன்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கித்துல்கலயில் ஜூலியட்டின் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம். டெனிஸும் ஜூலியட்டும் முன்னால் போனார்கள். ஜூலியட்டின் அம்மா ரோசம்மாவுக்குத் தவளையில் இடமில்லை. அவர் பின்னால் கிருஷாந்தின் காரில், அவன் மனைவி சுதர்ஷினியோடு வந்தார். பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கியது.

ஒரு வளைவைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. ஜூலியட் “இயேசுவே!” என்று கத்தினாள். டெனிஸ் பிரேக்கை முழுதாக மிதித்தான். கார் மூக்கைக் குத்தி, கோடு மாறாமல் நின்றது. மரத்துக்கும் பொனட்டுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது.

“நின்னுட்டுச்சு!” என்று அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் கண்ணாடியைப் பார்த்தான்.

கிருஷாந்தின் வெள்ளைக் கார் வளைவிலிருந்து வந்துகொண்டிருந்தது. சில்லுகள் சுற்றவில்லை. ஆனால் கார் நிற்காமல் வந்தது. பிரேக் போடும் கிறீச் சத்தம்கூட இல்லை. தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு, நேராக இவர்களை நோக்கி வந்தது. கிருஷாந்தின் முகம் தெரிந்தது. கடைசி நேரத்தில் அவன் பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். வெள்ளைக் கார் தவளையின் பின்பக்கத்தை உரசாமல் விலகி, ஆற்றுப் பக்கச் சரிவில் இறங்கி, கண்ணிலிருந்து மறைந்தது.

பிறகுதான் சத்தம் கேட்டது.

டெனிஸுக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோனது. ஜூலியட்தான் அவள் பக்கமாக இறங்கி, “அம்மா! அம்மா!” என்று ஓடினாள். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் மரத்தைத் தாண்டி ஓடி வந்தார்கள். “பய வெண்ட எப்பா அக்கே!” என்று சிங்களத்தில், பயப்பட வேண்டாம் என ஜூலியட்டைத் தேற்றிக்கொண்டே கண்டக்டர் சரிவில் இறங்கினார். முப்பதடிக்குக் கீழே இரண்டு ரப்பர் மரங்கள் காரைத் தாங்கிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் போனால் களனி கங்கை.

மூவரும் உயிரோடு இருந்தார்கள். ரோசம்மாவுக்கு நெற்றி கிழிந்திருந்தது. சுதர்ஷினிக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. கிருஷாந்தின் வலது கால் பிரேக்குக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தகட்டை வளைத்துத்தான் அவனை எடுத்தார்கள். டெனிஸ் மழையில் அப்படியே நின்றான். யாரோ அவன் தோளைப் பிடித்து ரோட்டோரத்தில் உட்கார வைத்தார்கள். கீழே கவிழாமல் சாய்ந்து கிடந்த காரின் முன் சில்லு தெரிந்தது. தான் மாட்டிய டயர். உள்ளங்கை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

மறுநாள் பொலிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தது. சார்ஜண்ட் கிருஷாந்தின் கட்டிலருகே நின்று சிங்களத்தில் கேட்டார்: “இந்த டயரை எங்கே வாங்கினாய்?”

“ரோட்டோரக் கடையில சேர். யாருன்னு தெரியாது,” என்று கிருஷாந்தும் சிங்களத்திலேயே சொன்னான். பக்கத்தில் நின்ற டெனிஸை அவன் பார்க்கவில்லை.

இவன் எதற்காக என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான்? காலில் கம்பி ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறவன்!

“நான்தான் மாட்டினது,” என்றான் டெனிஸ். “என்னுடைய டயர். என்னுடைய கராஜ்.”

சார்ஜண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார்.

கோர்ட்டில் டெனிஸுக்குத் தண்டம் போட்டார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை. கராஜில் விற்பனைக்கு அடுக்கியிருந்த பழைய டயர்களில் மொட்டையானவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக் கத்தியால் கிழித்துப் போட்டான். அதைப் பார்த்து திரீவீல் ஓட்டும் சுரேந்திரன் சண்டைக்கு வந்தான்.

“புதுசு வாங்க முடியாமத்தானே உங்ககிட்ட வாறோம்? இதையும் கிழிச்சா நாங்க எதுல ஓடுறது?”

டெனிஸ் அடுத்த டயரை எடுத்துக் கிழித்தான்.

கிருஷாந்த் ஐந்து மாதம் கழித்துக் கைத்தடியோடு நடந்தான். ஒரு காலைப் பொழுதில் கராஜுக்கு வந்து தவளையின் இருக்கையில் சிரமப்பட்டு உட்கார்ந்தான்.

“போவோம். பஜாருக்கு அப்பால இருக்கிற நேர் ரோட்டுக்கு.”

“எதுக்குடா?”

“நீ அன்னைக்கு நின்ன மாதிரி ஒரு தடவ நின்னு காட்டு.”

இரவு பெய்த மழையில் ரோடு ஈரமாக இருந்தது. டெனிஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். யாரும் இல்லை. வேகம் ஏற்றி, ஒரு மின்கம்பத்தருகே பிரேக்கை மிதித்தான். அடுத்த கம்பத்துக்குப் பாதி தூரம் போகுமுன்னே கார் நின்றது.

கிருஷாந்த் திரும்பி, தாண்டி வந்த கம்பத்தைப் பார்த்தான்.

“இவ்வளவு கிட்டவா?” “இப்படி நிக்க முடியுமா? டயர்னா எல்லாம் ஒன்னுதான்னு நெனச்சேனே மச்சான். எனக்குத் தெரியாதே.”

“எனக்குத் தெரியும்,” என்றான் டெனிஸ். “கடையிலயே அந்தப் புள்ள சொல்லிச்சு, மழைக்கு ஓடக் கூடாதுன்னு. நான் உங்கிட்ட சொல்லல.”

கிருஷாந்த் கதவைத் திறந்தான். கைத்தடியை ஊன்றி இறங்கி, பஜாரை நோக்கி நடக்கத் தொடங்கினான். டெனிஸ் காரை அங்கேயே விட்டுவிட்டு, பத்தடி பின்னால் அவனோடு நடந்தான்.