பதினாறேகால் மணி நேரத்து ஆட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் நட்சத்திரத்தைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். ஓர் ஊர் அளவே உள்ள நியூட்ரான் நட்சத்திரம் அது. எட்டு நொடிக்கு ஒருமுறை சுழன்று, சுற்றுக்கொரு எக்ஸ்ரே துடிப்பை அனுப்பும். துடிப்பு கொஞ்ச நேரம் முந்தி வரும், பிறகு பிந்தி வரும். பதினாறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பம்பரம் போலத் தலையாட்டுகிறது என்பது என் மூன்று வருட உழைப்பு. மேற்கொண்டு பார்க்க எனக்குத் தொலைநோக்கி தருவதா, ஆய்வையே மூடுவதா என்று அன்று மதியம் குழு முடிவெடுக்க இருந்தது.

காலையில் தம்பி வந்தான். அந்தத் தொலைநோக்கியைச் சுமக்கும் செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற நாற்பத்தெட்டு மணி நேரம், அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு உன் பதினாறு, உறுத்தவில்லையா, ஆடுவது நட்சத்திரம்தானா என்று கேட்டான். செயற்கைக்கோளின் ஓட்டத்தைக் கழித்துத்தான் நேரத்தைத் திருத்தியிருக்கிறேன், எனக்கே பாடமா என்று சீறினேன். அவன் வாயை அடைக்கவே அவர்கள் அனுப்பிய தரவுக் கோப்பைத் திறந்தேன்.

முதல் வரியிலேயே இருந்தது: நேரம் திருத்தப்பட்டது. கட்டுப்பாட்டு அறையிலேயே திருத்தி அனுப்பியதை நான் இன்னொரு முறை திருத்தியிருக்கிறேன். இரண்டு தடவை கழித்தால் செயற்கைக்கோளின் ஓட்டம் தலைகீழாக உள்ளே வந்துவிடும்.

"திருத்திட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருத்தத்தை நீக்கினேன். ஆட்டம் பாதியாகச் சுருங்கியது, ஆனால் போகவில்லை. இப்போது பதினாறேகால் மணி நேரம். நாற்பத்தெட்டுக்குள் எப்படியும் அடங்காத எண். என் தப்புதான் இத்தனை நாள் அதைப் பதினாறுக்கு இழுத்து வைத்திருந்தது.

குழுவில் தப்பை நானே முதலில் சொன்னேன். காலையில் ஓர் எண், மதியம் ஓர் எண்ணா என்று தலைவி கேட்டார். நியாயமான கேள்விதான். கால் மணி வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து மூன்று வாரத்தில் எட்டு மணி நேரமாகிவிடும், அதாவது பாதி ஆட்டம் என்றேன். மூன்று வாரம் கழித்து அதே கிழமை காலை பத்து மணிக்கு, பழைய கணக்குப்படி துடிப்பு முந்தி வர வேண்டும், புதிய கணக்குப்படி பிந்தி வர வேண்டும்.

"பிந்தி வரலன்னா இந்த ஆய்வ நானே மூடிடறேன்" என்றேன். தொலைநோக்கியில் அந்த ஒரே ஒரு நாளை மட்டும் தந்தார்கள்.

அந்த நாள் கட்டுப்பாட்டு அறையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். தரவு இறங்கியது. துடிப்புகளைக் கூட்டிப் பார்த்தவன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"சொல்லித் தொலைடா."

"பிந்திதான்க்கா. அரை நொடி."

சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். கண் கலங்கியிருந்தது.

"நான் கெளப்பின சந்தேகத்தால நீ தோத்துடுவியோன்னு மூணு வாரமா தூங்கலக்கா" என்றான்.