பைக் மட்டும் போதும்

நறுவிலிக்குளம் சந்தியில் பஸ் நின்றபோது சிவதர்சினி ஒரு கையில் கந்தோர்ப் பையும் மறு கையில் ஹெல்மெட்டுமாக ஏறினாள். கொண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“அக்கா, பயப்பிடாதேங்கோ. எங்கட டிரைவர் பிரட்டமாட்டார்.”

“டிரைவரில நம்பிக்கை இருக்கு. உங்கட பஸ்ஸிலதான் இல்லை.”

பஸ் சிரித்தது. மூன்று கிழமைக்கு முன்னர் என்றால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். யன்னலோரம் இருந்துகொண்டு ஹெல்மெட்டை மடியில் வைத்தாள். அதை வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை. விட்டால் அதையும் கழுவித் துடைத்து, பைக்கின் மேல் வைத்து, றிபன் கட்டிவிடுவார்கள்.

பைக் மூன்று கிழமையாக நெல்லுக் கொட்டிலுக்குள் நிற்கிறது. நிறுத்தியது அண்ணன் சுபாஸ்கரன். “இனி நீ ஓடாத. எங்கயாவது கீறுப்பட்டா மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லுறது?” மாப்பிள்ளை வருவது தங்கை டிலக்சனாவுக்கு. பைக் சிவதர்சினியுடையது. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன தொடர்பு என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். கேட்டதற்குப் பெயர் வாய்க்காரி.

பஸ் அரிப்புப் பாலத்தில் ஏறியது. எட்டு வருடமாக அவள் பைக்கில் கடந்த பாலம். சோளகக் காலத்தில் கடற்காற்று இந்த இடத்தில் பக்கவாட்டாக வந்து அடிக்கும். கந்தோரில் வேலை செய்கிற ஆண்கள் தங்கள் சின்ன பைக்குகளில் வாழைமரம் மாதிரி ஆடி ஆடிப் போவார்கள். அவளுடையது அசையாது. பழைய ஜப்பான் வண்டி, இருநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர். பந்தயத்துக்குச் செய்தது போல முன்பக்கம் முழுக்க மூடின முகம். ஆனால் இருக்கையில் இருந்தால் முதுகு வளையத் தேவையில்லை, நாள் முழுக்க ஓடலாம். பதினெட்டு லீற்றர் பிடிக்கும் பெற்றோல் தாங்கி. அது செய்யப்பட்ட ஆண்டில் அவள் பால்பற்கூட விழாத பிள்ளை. முள்ளிக்குளம் வரைக்கும் வெளிக்கள வேலைக்குப் போய்த் திரும்பி வந்து இறங்கும்போது அவளுக்கு இடுப்பு வலித்ததில்லை. புதுப் பைக் வாங்கிய மூன்று பேர் அவளுடைய கந்தோரில் முதுகுக்கு எண்ணெய் பூசுகிறார்கள்.

அந்தப் பைக்கைத் தொட மன்னாரில் ஒரு பைக் கடைக்காரரும் துணியவில்லை. கடைசியில் பள்ளிமுனையில் வள்ளத்து இயந்திரம் திருத்துகிற எமில்தான் கை வைத்தார். முதல் நாள் அதைக் கழற்றிப் பரப்பிவிட்டு, பீடியும் பற்றவைக்காமல் அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை, இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதுவரைக்கும் வச்சிருந்தவனுக்குத்தான் வருத்தம்.” அதன் பிறகு அவள் சனிக்கிழமைகளில் அங்கே போய், மீன் நாற்றத்துக்கும் மண்ணெண்ணெய் நாற்றத்துக்கும் நடுவில் குந்தியிருந்து பழகினாள். சங்கிலியை இறுக்கவும், எண்ணெய் மாற்றவும், சத்தத்தைக் கேட்டு நோவைச் சொல்லவும் தெரிந்துகொண்டாள். கம்பஸில் நான்கு வருடம் படித்ததில் எது தனக்கு உண்மையில் விளங்கியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இந்த இயந்திரம் விளங்கியது. காலையில் திறப்பைத் திருப்பினால் அது எழும்பும். எப்போது கலியாணம் என்று கேட்காது.

அதை வாங்கியது எருக்கலம்பிட்டி முனவ்வரிடம். அவர் கட்டாருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். “தங்கச்சி, ஓடத் தெரிஞ்சாத்தான் இது வண்டி, தெரியாட்டி இரும்பு” என்று சொல்லி ஓப்பன் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். வாங்குகிறவரின் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். யாரும் எப்போதும் நிரப்பிக்கொள்ளலாம். ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. அவள் வேலைப் பயிற்சிக்காக வவுனியாவில் நின்ற கிழமையில் சுபாஸ்கரன் அந்த வெறுமையான இடத்தை நிரப்பினான். தன்னுடைய பெயரால். வண்டியின் பதிவுப் புத்தகமும் அந்தப் பெயரிலேயே வந்தது.

“உன்ர பேரைப் போட்டா நாளைக்குக் கலியாணம் கட்டேக்க பேர் மாறும். பிறகு புத்தகத்தையும் மாத்தவேணும். ரெண்டு வேலை. வாகனத்துக்கு ஆம்பிளைப் பேர்தான் நிலை” என்றான்.

அது அவளுக்கு அன்று நியாயமாகக்கூடப் பட்டது. அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பொருளியலில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எடுத்தவள், பட்டதாரிகளுக்கு வேலை கேட்டுக் மாவட்டச் செயலகக் கச்சேரி வாசலில் நாற்பது நாள் வெயிலில் குந்தியிருந்தவள், பெண்ணின் பெயர் தற்காலிகமானது என்று அண்ணன் சொன்னபோது தலையாட்டினாள். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பங்கீட்டுக்கான கியூஆர் எடுக்கப் போனபோது உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். அப்போதுதான் முதன்முதலாகச் சுள்ளென்றது. புத்தகத்தை மாற்றித் தரச் சொன்னாள்.

“நான் என்ன, வித்துத் திங்கவே போறன்?” என்று சுபாஸ்கரன் சிரித்தான்.

அவன் சொல் தவறவில்லை. விற்கவில்லை.

மாப்பிள்ளை கிருஷாந்தனுக்கு வவுனியாவில் ஒரு கொம்பனியில் வேலை. பொம்பிளை பார்க்க வந்த அன்று பலகாரத்தை எடுத்துக் கடித்தபடி முற்றத்துக்குப் போனவன் திரும்பி வர நேரம் எடுத்தது. பைக்கைச் சுற்றிச் சுற்றிப் போனில் படமெடுத்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்து கதிரையில் இருந்து, இரண்டு வீட்டாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்: “எனக்கு சீதனம் எண்டு ஒண்டும் வேண்டாம். நான் அதுக்கு எதிரானவன். அந்த பைக் மட்டும் போதும்.”

அம்மா சிவலட்சுமி அழுதுவிட்டாள், சந்தோசத்தில். காணி கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. தங்கமான பெடியன். செய்தி பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சீதனம் கேட்காத மாப்பிள்ளை. கோவிலில் கண்டவர்கள் சிவலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு புண்ணியம் செய்தவள் என்றார்கள். அந்த ‘மட்டும்’ யாருடையது என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று. அதைப் போய் யார் கணக்கில் எடுப்பார்கள்?

“அது என்ர” என்றாள் சிவதர்சினி அன்றிரவு சாப்பிடும்போது.

“புத்தகம் என்ர பேரில” என்றான் சுபாஸ்கரன், சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“நான் ஓடாத ஒரு நாள் சொல்லு பாப்பம். ஒருக்கா ரயர் மாத்தியிருக்கிறியே? அதில எத்தினை கியர் எண்டாவது தெரியுமே உனக்கு?”

“பொம்பிளைப்பிள்ளை முப்பத்திநாலு வயசில பைக்குக்காகச் சண்டை பிடிக்குது. வெளியில சொன்னா சிரிப்பினம்.”

அம்மா இடையில் வந்தாள். “நீ கட்டமாட்டன் எண்டு நிண்டிட்டாய், அது உன்ர விருப்பம். அவளையாவது வாழவிடு பிள்ளை. ஒரு இரும்புக்காக உடன்பிறப்பின்ர வாழ்க்கையை மறிப்பியே?”

சிவதர்சினி தங்கையைப் பார்த்தாள். எட்டு வருடம் அவளுக்குப் பின்னால் இருந்து போன பிள்ளை. ஏஎல் வகுப்புக்கு மன்னாருக்கு ஏற்றிப் போய், மழைக்குள்ளே கடலைக் கடக்கும் தாம்போதிப் பாதையில் கழுதைக் கூட்டம் விலகும்வரை காத்து நின்று, இரண்டு பேரும் நனைந்து, முதுகில் அவளுடைய நடுக்கத்தை உணர்ந்தபடி வீடு கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. டிலக்சனா சொதியைச் சோற்றில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை நிறைந்து வழிந்தது.

அந்த மௌனம் சிவதர்சினிக்கு அண்ணனின் பேச்சைவிட நொந்தது. அடுத்த நாள் திறப்பை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். விட்டுக்கொடுத்தாள் என்று வீட்டில் நினைத்தார்கள். புத்தகத்தில் பெயரில்லாதவள் எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

கலியாணம் நடந்தது. நாலாம் நாள் மத்தியானம், நாலாஞ்சடங்குச் சாப்பாடு முடிந்து, பொம்பிளையும் மாப்பிள்ளையும் பைக்கில் வவுனியாவுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. சுபாஸ்கரன் கொட்டிலிலிருந்து அதை உருட்டிக்கொண்டு வந்தான். தாங்கியில் நெருப்புப் படமொன்று ஒட்டியிருந்தது. இருக்கைக்குப் புது உறை, சிவப்பு. கண்ணாடிகளில் றிபன். சிவதர்சினி கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைப் பிடித்தபடி நின்றாள். தெரிந்த ஒருவருக்கு யாரோ பவுடர் பூசி, பொட்டு வைத்து, வெளியே தூக்கிவந்து கிடத்தியது போலிருந்தது அவளுக்கு.

கிருஷாந்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினான். நண்பன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். திறப்பு திரும்பியது. இயந்திரம் உறுமுவதற்குப் பதிலாகச் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பற்றவில்லை. மீண்டும். மீண்டும்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காபரேற்றர் காய்ந்துவிடும். அந்த வண்டியில் இயந்திரம் சுழன்று உறிஞ்சினால்தான் பெற்றோல் இறங்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. காய்ந்து கிடக்கிற நேரத்தில் அது போதாது. தாங்கிக்குக் கீழே, இடது பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு திருகு. அதை மூன்றாவது இடத்துக்குத் திருப்பி, முப்பது எண்ணவேண்டும். பெற்றோல் தானாக இறங்கும். பிறகு பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஸ்ரார்ட் பட்டனை அமர்த்தினால் ஒரே பிடியில் பற்றும். எமில் காட்டித் தந்தது. இந்த முற்றத்தில் அது வேறு யாருக்கும் தெரியாது.

“பற்றறி பழசு போல” என்றான் கிருஷாந்தன்.

“பொம்பிளை ஓடின வண்டி. கழுவத் தெரியும், வேற என்ன தெரியும்?” என்றான் போன் பிடித்திருந்தவன். சிரிப்பு எழுந்தது.

சுபாஸ்கரன் ஏறிப் பார்த்தான். சுழற்சி இளைத்தது. இன்னும் நாலைந்து தடவை அமர்த்தினால் பற்றறியும் முடியும். அவன் வேர்த்து வழிந்தபடி கிணற்றுக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

“தர்சினி, இதுக்கு என்ன செய்யிறது?”

முற்றம் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“புத்தகத்தைப் பாருங்கோ அண்ணா. உங்கட பேரில எல்லே இருக்கு. அதில எழுதியிருக்கும்.”

சுபாஸ்கரனின் முகம் கறுத்தது. அம்மா “பிள்ளை…” என்று இழுத்தாள். யாரோ ஒருவர் நல்ல நேரத்தில் இப்படியா என்றார். சிவதர்சினிக்கு நெஞ்சுக்குள் ஒரு கெட்ட சந்தோசம் ஊறியது. அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தத் திருகு ஒன்றுதான். அதைக் கொடுக்கமாட்டாள். வவுனியா வரைக்கும் தள்ளிக்கொண்டு போகட்டும்.

அப்போது டிலக்சனா விறாந்தையிலிருந்து இறங்கி வந்தாள். பட்டுச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கி இடுப்பில் செருகினாள். “அண்ணா, இறங்கு” என்றாள். பிறகு பைக்கின் இடது பக்கமாகக் குனிந்து, தாங்கிக்குக் கீழே வளையல்கள் குலுங்கக் கையை விட்டாள்.

சிவதர்சினி தங்கையின் கையையே பார்த்தாள். எத்தனை மாரியில், எத்தனை காலையில், பின்னால் ஏறுவதற்காகப் புத்தகப் பையோடு காத்து நின்று பார்த்திருக்கிறாள் இந்தப் பிள்ளை. அதையும் கொண்டுபோகிறாள். கடைசியாக இருந்த ஒன்றையும்.

டிலக்சனாவின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள். முப்பது. திருகைத் திருப்பிவிட்டு முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, திறப்பைத் திருப்பி அமர்த்தினாள். ஒரே பிடியில் பற்றியது. இரண்டு சிலிண்டரும் ஒன்றாக, சுத்தமாக, அந்தப் பழைய தாழ்ந்த குரலில். கூட்டம் கைதட்டியது.

“பாத்தியே, என்ர மனிசியை!” கிருஷாந்தன் நண்பனிடம் சொல்லிவிட்டு அவளுடைய தோளைத் தட்டினான். “சரி, இறங்கும். பின்னால வாரும்.”

“இஞ்சின் சூடாகட்டும். சூடாகாமல் எடுக்கக்கூடாது. ரெண்டு நிமிசம் நில்லுங்கோ.”

அது சிவதர்சினியின் வசனம். ஒரு சொல் மாறவில்லை. பாடசாலைக்குப் பிந்துகிறது என்று டிலக்சனா துள்ளும்போதெல்லாம் அவள் சொன்னது.

இரண்டு நிமிடம் போனது. கிருஷாந்தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டான். ஐந்து நிமிடம் போனது. போன் பிடித்திருந்தவன் கையை இறக்கினான். டிலக்சனா பைக்கின் கண்ணாடியிலிருந்த றிபனை அவிழ்த்துத் தரையில் போட்டாள். கண்ணாடியைத் திருப்பவில்லை, அது அக்காவின் உயரத்துக்கு வைத்தபடியே இருந்தது. அதற்குள் கிணற்றுக்கட்டு தெரிந்திருக்க வேண்டும். அங்கே நிற்கிறவளும்.

இயந்திரம் நன்றாகச் சூடானால் முன்பக்கத்தில் ஒரு விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். அது இப்போது சுழலத் தொடங்கியது. அதன் இரைச்சல் முற்றம் முழுக்கக் கேட்டது. சூடான காற்று டிலக்சனாவின் பட்டுச் சேலைக் கரையை அடித்துப் பறக்கவிட்டது.

“இப்ப சரிதானே? இறங்குமன்” என்றான் கிருஷாந்தன்.

டிலக்சனா கைபிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இன்னும் சூடாகேல்லை.”