நாலரை மீட்டர் இடம்

என் வீட்டு வாசலுக்கு நேரே, தெரு ஓரத்தில் இரண்டு பெயிண்ட் டப்பாக்கள் நிற்கும். உள்ளே சிமெண்ட் கரைத்து ஊற்றி, நடுவில் ஒரு கம்பு நட்டு, கம்பின் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நாலரை மீட்டர். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, டேப் வைத்து அளந்தது. என் மகளுடைய கார் மூன்றே முக்கால் மீட்டர் நீளம். முன்னே பின்னே எடுத்து நிறுத்த முக்கால் மீட்டர் போதும்.

முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். பொது வழியில் யாருடைய படிக்கட்டாவது ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தால்கூட இடிக்கச் சொல்லி எழுதிவிடுவேன். என்னைத் தூரத்தில் பார்த்தாலே மதில் சுவர் கட்டியவர்கள் பத்திரத்தைத் தேட ஓடுவார்கள். "பத்திரம் இருக்கா?" என்ற கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அப்பேர்ப்பட்ட ஆள் பொதுத் தெருவில் டப்பா வைத்து இடம் பிடிக்கலாமா என்று கேட்டால், கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

எட்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை, அவளும் பேத்தியும் மட்டும். மனைவி போன பிறகு நான் கற்றுக்கொண்ட சமையல் மொத்தத்தையும் அன்றைக்குக் காட்டிவிட்டேன். அடுப்படியில் வைக்க இடமில்லாமல் மேசை மேல் நான்கு பாத்திரம். பன்னிரண்டு மணிக்கு வாசலில் போய் நின்றேன். கார் வந்தது. தெரு முழுக்க வண்டிகள். மெல்ல என்னைத் தாண்டிப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். பிறகு போன் அடித்தது.

"அப்பா, வண்டி வைக்க இடமே இல்லப்பா. குட்டியும் தூங்கிட்டா. இன்னொரு நாள் வரேனே."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த நான்கு பாத்திரத்தை மூன்று நாள் சாப்பிட்டேன்.

ஒருத்தர் ஒரு காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைச் சரிசெய்யத்தான் எனக்குத் தெரியும். அழத் தெரியாது, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் தெரியாது. மறுநாளே அந்தக் காரின் அளவு என்ன என்று ஒரு மெக்கானிக்கிடம் போய்க் கேட்டு வந்தேன். அவள் வண்டியின் நீளம், அகலம், கதவு திறந்தால் எவ்வளவு வெளியே வரும், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்டால் தெரியாது.

டப்பா வைத்தேன். அக்கம்பக்கத்தாரைச் சரிக்கட்ட இரண்டு மாதம் பிடித்தது. கிழவன் ஏதோ வீம்பு பிடிக்கிறான், போகட்டும் என்று ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகராறு தீராத இடத்தின் அளவை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழிலில் வந்த பழக்கம். எல்லை உறுதியாகி, கல் நட்ட பிறகுதான் உரியவரைக் கூப்பிட வேண்டும். மறுபடி அவள் வந்து, மறுபடி இடமில்லாமல் திரும்பிப் போனால் என்னால் தாங்க முடியாது. ஞாயிறுதோறும் அவள் போன் செய்வாள், நான்கு நிமிடம். மாத்திரை போட்டீங்களா என்பாள். குட்டி எப்படி இருக்கா என்பேன். இடம் உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்துவிடுவேன்.

கடைசியில் எல்லாம் படிந்து, வரும் ஞாயிறு சொல்லிவிடலாம் என்று இருந்த வாரத்தில்தான் அடுத்த வீட்டுக்கு நர்ஸம்மா குடிவந்தாள்.

நாற்பது வயது இருக்கும், தனி ஆள். ஒரு சின்ன வெள்ளைக் கார். அவள் வாசலை ஒட்டி மின்சாரப் பெட்டி நிற்கிறது, அங்கே வண்டி விடக்கூடாது என்று போர்டே இருக்கிறது. முதல் நாளே காரை நிறுத்தி இறங்கி, என் டப்பாவை இரண்டு கையாலும் உருட்டி ஓரம் தள்ளி, ஏதோ தன் மாமனார் வீட்டு இடம் மாதிரி வண்டியை உள்ளே விட்டாள்.

"ஏம்மா, டப்பா வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுது சார். அதனாலதான் உருட்டினேன்."

"இது என் இடம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க இடமா? பத்திரம் இருக்கா?"

முப்பத்து நான்கு வருஷம் நான் கேட்ட கேள்வி.

அன்று ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு அவள் கிளம்பியதும் டப்பாக்களை அளந்து வைப்பேன். மூன்றேகாலுக்கு ஷிப்ட் முடிந்து வருவாள். நான் தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஹாரன் அடிப்பாள், நான் காது கேட்காதவன் மாதிரி இருப்பேன். அவள் இறங்குவாள், நான் எழுந்திருப்பேன்.

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன் சார். குதிகால் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. ரெண்டு தெரு தள்ளி வண்டிய விட்டுட்டு நொண்டிக்கிட்டு வரணுமா?"

"எல்லாரும் நடக்கத்தான் நடக்கிறாங்க."

"உங்ககிட்ட வண்டியே இல்லையே! காத்தையா நிறுத்தப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். சில நாள் அவள் ஜெயிப்பாள், சில நாள் நான். ஒரு நாள் டப்பாக்கள் இரண்டையும் என் கேட்டுக்குள் கொண்டுவந்து, செருப்பு மாதிரி ஜோடியாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் நான் மூன்றாவது டப்பா செய்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மணி நெருங்கினால் நான் சட்டை மாற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். சண்டைக்குப் போகிறவன் கசங்கிய சட்டையோடு போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல நாட்களில் அவளைப் பார்த்து "ஏம்மா" என்று கத்துவதுதான் அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தையாக இருக்கும். காலையிலிருந்து திறக்காத தொண்டை, கரகரவென்று வரும். அவளுக்கு வாராந்தர விடுமுறை என்றால் எனக்குப் பொழுதே போகாது.

ஐந்து மாதம் இப்படிப் போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் புகார் எழுதிப் போட்டுவிட்டாள். ஒரு புதன்கிழமை, அவள் வரும் நேரத்துக்குத்தான், சர்வே அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கையில் டேப், கக்கத்தில் கோப்பு. வண்டியை விட்டு இறங்கி என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு வருஷம் என்னோடு டேப்பின் மறுமுனையைப் பிடித்த ஆள்.

"சார், நீங்களா?"

"நான்தான். அளந்துக்கோ."

"எதுக்கு சார் அளக்கணும்? ரோட்டுல ஒரு கல்லு வச்சாலும் ஆக்கிரமிப்புதான்னு நீங்கதானே கறாராச் சொல்வீங்க."

"அளக்காம எழுதக்கூடாதுன்னும் சொல்லியிருக்கேன்."

பாவம், அளந்தார். குனிந்து, மூச்சு வாங்க, நாலரை மீட்டர் என்று எழுதிக்கொண்டார். நர்ஸம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கார் மேல் சாய்ந்து நின்றாள். பேனாவை மூடிவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், காரணம்னு ஒரு பத்தி எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

எழுதிய காகிதத்தில் பொய் இருக்கக்கூடாது. அதுவும் பழக்கம்தான். "என் மக வருவா" என்றேன். "போன தடவை வந்தா, இடமில்லாம வாசலோட திரும்பிப் போயிட்டா. மூணு சுத்து சுத்தினா. இடம் இருந்தா வருவா."

"எப்ப சார் அது?"

"எட்டு மாசம் ஆச்சு."

அவர் எழுதவில்லை. நர்ஸம்மா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல், அவரிடம் சொன்னாள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். என்னைத் தாண்டி காரில் ஏறும்போது, "அவங்க வர்ற வரைக்கும் நான் அடுத்த தெருவுலயே விட்டுக்கிறேங்க" என்றாள். ஐந்து மாதமாக என் தலையைத் தின்றவள், அன்றைக்கு அத்தனை மெதுவாகப் பேசினாள். பரிதாபப்படுகிறாள் என்று புரிந்தது. புரிந்தும், ஜெயித்துவிட்டேன் என்ற குஷி எனக்கு. எல்லை உறுதியாகிவிட்டது. ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை, வீட்டுக்குள் போன உடனே மகளைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, புதன்கிழமை கூப்பிடறீங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம். உன் வண்டிக்கு இடம் ரெடி பண்ணிட்டேன்."

"என் வண்டிக்கா?"

"வாசல்லயே. நாலரை மீட்டர். இனி யாரும் வைக்க மாட்டாங்க, எழுத்துலயே முடிஞ்சுது. நீ எப்ப வந்தாலும் நேரா வந்து விடலாம். சுத்தவே வேண்டாம்."

பின்னால் பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, அந்த வண்டிய வித்து ஆறு மாசம் ஆகுது. உங்ககிட்ட சொன்னேன்னு நினைச்சேன்."

"இல்லையே" என்றேன். "அப்ப எப்படிப் போயிட்டு வர்றீங்க?"

"எல்லாம் பஸ்தான். வண்டிய விட இதுதான் வசதியா இருக்கு. ஆபீசுக்கு ஒரே பஸ், ஏறினா இறக்கி விட்டுடுது. அதே பஸ்தான் உங்க தெருமுனையில கூட..."

நிறுத்திக்கொண்டாள். சொல்லி முடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆறு மாதம். காலையும் மாலையும் என் தெருமுனையைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். நான் டப்பாக்களை அளந்து வைக்கும்போதும், அடுத்த வீட்டுக்காரியோடு மல்லுக்கு நிற்கும்போதும், நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி, ஜன்னலோரமாக.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"வேலை நெருக்கடிப்பா. வரணும்னுதான் நினைக்கிறேன். பார்க்கிறேன், என்ன?"

"உன் சௌகரியம்போல வா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது பொய்யும் இல்லை. நான்தான் அதையே முழுக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வந்தேன். முன்பு தூக்கியதைவிடக் கனமாக இருந்தன. மூன்றேகாலுக்கு வெள்ளைக் கார் வந்தது. வேகத்தைக்கூடக் குறைக்காமல் அடுத்த தெருவுக்குப் போகப் பார்த்தாள். நான் நடுத்தெருவில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினாள், என்ன வம்போ என்ற முகத்தோடு.

"உள்ள விடும்மா" என்றேன்.

"உங்க பொண்ணு?"

"அவ பஸ்ல வருவா."

"ஓ. எப்ப வர்றாங்க?"

"வா, வா, பின்னால வா" என்று கையை ஆட்டி ரிவர்ஸ் சொல்ல ஆரம்பித்தேன். "இன்னும் வா... இன்னும் கொஞ்சம்... ஒடி... போதும்." கச்சிதமாக நின்றது.

இறங்கினாள். "ரொம்ப நன்றிங்க, பெரிய உபகாரம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நான்கே எட்டில் அவள் வாசலை அடைந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சண்டை நடந்த நாட்களில் கால் மணி நேரமாவது நின்று பேசுவாள். அதற்காக மாற்றிக்கொண்ட சட்டை மடிப்புக் கலையாமல் என் மேல் இருந்தது.

மகளுக்கு ஆபீஸ் விடும் நேரம் எனக்குத் தெரியாது. ஐந்து, ஐந்தரை இருக்கலாம். நாற்காலியை எடுத்து, பஸ் போகிற தெருமுனை தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.