என் புத்தகம் மட்டும் பேசவில்லை

என் மனைவிக்குப் பார்வை முழுவதுமாகப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆண் குரல் குடிவந்தது. மகள் வந்து அம்மாவின் செல்போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். மின்னூலைத் திறந்தால் அது வாசித்துக் காட்டும். பெண் குரலும் இருந்தது. "வேலை பார்த்த காலம் பூரா பொம்பளைங்க குரலுக்கு நடுவுலயே உட்கார்ந்திருந்தேன். இவன் பேசட்டும்" என்று ஆண் குரலைத் தேர்ந்தெடுத்தாள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். அந்தக் காதுக்குச் சாதாரண வேகம் போதவில்லை. கூட்டிக்கொண்டே போனாள். எனக்கு அது கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தடதடப்பதுபோலத்தான் கேட்டது. அவளோ தலையாட்டுவாள், சிரிப்பாள், நடுவில் "அடப்பாவி" என்பாள்.

அவளை அப்படிச் சிரிக்கவைத்தவன் மீசை.

மீசை என்னோடு குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தவன். என்னைவிட ஒரு வயது இளையவன். மீசையை எடுத்து எத்தனையோ வருடம் ஆகியும் பெயர் மட்டும் உதட்டின்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குழாய் போகும் பாதைகளை வரைந்தோம். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் நாவல் எழுதினோம். அவன் நான்கு, நான் ஒன்று. பதிப்பகமும் ஒன்றுதான்.

அவனுடைய நான்கையும் அவள் கேட்டு முடித்தாள். பிறகு என்னுடையதை வாங்கித் திறந்தாள்.

"என்னங்க, உங்க புத்தகம் பேச மாட்டேங்குது."

நான் செல்போனை வாங்கிக் காதில் வைத்தேன். செயலி என் பெயரைச் சொன்னது. "பக்கம் ஒன்று" என்றது. அதோடு சரி. பக்கத்தைத் தள்ளினால் "பக்கம் இரண்டு."

பதிப்பாளரைக் கூப்பிட்டேன். "அது பூட்டு சார். காப்பி அடிக்காம இருக்கப் போடறது. உங்க புத்தகத்தோட ஒலி உரிமைய வேற கம்பெனிக்குக் கொடுத்திருக்கோம். மெஷின் வாசிச்சா அவங்க சண்டைக்கு வருவாங்க."

"அவங்க ஒலிப்புத்தகம் எப்போ போடுவாங்க?"

"போடுவாங்க சார், போடுவாங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அச்சில் வந்ததும் ஒரேயடியாகக் காட்டி அசத்தலாம் என்று கையெழுத்துப் பிரதியைக் கண்ணில் காட்டாமலே பதிப்பகத்துக்கு அனுப்பினேன். புத்தகம் வந்தபோது அவளால் அட்டையைத் தடவிப் பார்க்கத்தான் முடிந்தது. அச்சுப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வாசிக்க வைத்தும் பார்த்தோம். வரிவிட்டு வரி தாவி உளறியது.

"நானே படிக்கிறேனே" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன், என் குரலுக்கு என்ன?"

"உங்க குரல்ல கேட்டா உங்களைத்தான் கேப்பேன். எந்த இடத்துல நான் பாராட்டணும்னு காத்திருக்கீங்கன்னு மூச்சுலயே தெரிஞ்சுடும். இவனுக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது, பாருங்க."

மீசையை அந்தக் குரலில் நியாயமாகக் கேட்டிருக்கிறாள், என்னையும் அதே குரலில் நியாயமாகவே கேட்க வேண்டும் என்கிறாள். அது சரிதான். ஆனால் அன்றிலிருந்து அவள் காதில் இயர்போன் கருவியை மாட்டும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. மீசையின் நான்கில் எது பிடித்ததோ அதைத் திரும்பவும் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் மீசை வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணி" என்று அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் அடுப்படியில் தேநீர் போட்டேன். பால் பொங்கும் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு கேட்டது.

"தம்பி, உங்க கதையில மனுஷங்க எப்படி இருப்பாங்கன்னே நீங்க சொல்றதில்ல. பேச்சை வெச்சே கண்டுபிடிச்சுக்கன்னு விட்டுடறீங்க. எனக்கு அது தோதா இருக்கு."

"எனக்கு வர்ணிக்க வராது அண்ணி. அண்ணனுக்குத்தான் அதெல்லாம்."

தேநீரை வைத்துவிட்டு, "உன் புத்தகத்துல மட்டும் எப்படிப் பூட்டு இல்லை?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு எழுதி வாங்கிட்டேன் அண்ணே. எங்க பெரியண்ணனுக்குப் பிறந்ததுலேருந்தே கண்ணு தெரியாது இல்ல?"

இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது. ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட எனக்கு எதிரில், அந்த விஷயத்திலும் அவன் நல்லவனாக உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றான்.

அவன் போனதும் முடிவெடுத்தேன். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து முழுவதையும் கணினியில் நானே தட்டச்சு செய்வது. அந்தக் கோப்புக்கு எவனும் பூட்டுப் போட முடியாதே. இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோலக் கொத்தினேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

கொத்தும்போது கை சும்மா இருக்கவில்லை. ஓர் இடத்தில் மழையை விவரித்திருந்தேன். மீசையாக இருந்தால் 'நனைந்திருந்தான்' என்பதோடு விட்டிருப்பான். எடுத்தேன். இன்னோர் இடத்தில் ஒரு பெண்ணின் நடையைப் பற்றி அரைப் பக்கம். என் மனைவிக்குத் தோதாக இருக்காதே என்று அதையும் எடுத்தேன். முடித்தபோது புத்தகம் இளைத்திருந்தது.

அவள் ஒரே மூச்சில் கேட்டாள். நான் துணி மடிப்பதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கருவியைக் கழற்றினாள்.

"நல்லா இருக்குங்க."

"நிஜமா?"

"ஓட்டமா போகுது. மீசை எழுதினது மாதிரியே இருக்கு."

மடித்த துணியை மறுபடி உதறினேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்? மாத்திட்டீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"மழை, வெயில், அப்புறம் ஆளுங்க முகம்..."

"அட கடவுளே. கட்டினவர் எழுதினதைக் கேக்கணும்னு உட்கார்ந்தா, அவர் போய் ஊரான் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறார்!"

சொல்லிவிட்டுச் செல்போனிடம் மீசையின் பெயரைச் சொன்னாள். நான் தடுப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"தம்பி, பதிப்பாளர் உங்க பேச்சைத்தான் கேப்பாராம். எங்க வீட்டுக்காரர் புத்தகத்துப் பூட்டையும் திறக்கச் சொல்லுங்க."

நான் பக்கத்தில் நின்று கை ஜாடை காட்டினேன். யாருக்குக் காட்டுகிறோம் என்ற நினைவுகூட இல்லை. என் புத்தகத்துக்காக என் மனைவி அவனிடம் கேட்கிறாள், அவனும் "அதுக்கென்ன அண்ணி" என்கிறான்.

ஒலி உரிமைக்காரர்களிடம் என்ன பேசினானோ, எப்படிப் பேசினானோ, அந்த வாரமே பூட்டு போய்விட்டது. புத்தகத்தைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. புதுப்பித்தோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.

இந்த முறை சிரிக்கவில்லை. "அடப்பாவி" இல்லை. சில இடங்களில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள். வேகத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். கடைசியில் கருவிக்கு வெளியே கசிந்த குரல் எனக்கே புரிகிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. மீசைக்கு அவள் ஒருநாளும் அப்படிக் குறைத்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்றாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

முடிந்த பிறகும் கருவியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நானே கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

"யாரு அவ?"

"எவ?"

"அந்தப் பம்ப் அறைக்கு எதிர்ல பை தைக்கிறவ. நூலைப் பல்லால கடிச்சு அறுக்கிறவ."

"அது கதைம்மா. கற்பனை."

"கற்பனைக்கு இடது மணிக்கட்டுல சூடு பட்ட தழும்பு எதுக்கு?"

"அழகுக்கு எழுதினது."

"நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் சத்தம் போடுமாமே. அதுவும் அழகுக்கா? டைப் அடிச்சுக் கொடுத்ததுல இவ இவ்வளவு இல்லையே. ஏன் ஒளிச்சீங்க?"

நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அது சமாளிப்பாகவே பட்டது. ஒரு வாரம் என்னோடு அளந்துதான் பேசினாள். பதில் சொல்லும்போது கதவைப் பார்த்துச் சொன்னாள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்குள் பாட்டு முணுமுணுத்தேன். மீசை போன் செய்து, "அண்ணி என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, "ஒண்ணும் சொல்லலைப்பா" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அவனோடு நான் பேசியதே இல்லை.

அப்படி ஒருத்தி இல்லை. அலுவலகத்தில் வரைந்த கை, வெறும் தாளில் ஒரு கோடு போட்டதும் அதற்கு ஒரு முகம் தேடியது, அவ்வளவுதான். சத்தியம் செய்து சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். நான் செய்யவில்லை.

அடுத்த வருடம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேசவே மூச்சு வாங்கியது. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்பவாவது சொல்லுங்க. எங்க இருக்கா?"

"யாரு?"

"நடிக்காதீங்க."

"அவ எங்க இருக்கான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஓ" என்றாள். "அப்போ இருக்கா."

கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்த இடத்தில் என்னைத் திணித்துக்கொண்டு நின்றேன்.