ஒரு தோட்டா போதுமாம்

கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே மனிதக் கால் பட்ட நாள் முதல் இன்றுவரை, அங்கே எவரும் எவரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. உலக நாகரிகங்களில் இப்படி ஒன்று இது மட்டும்தான்.

இதை அறிவித்தவர் ரெய்னோ காங்காஸ். அறிவித்த இடம் பைக் போர்ட்டேஜ் ஊரின் வேட்டைக்காரர் சங்கக் கூடம். அறிவிக்கும்போது அவர் முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. அவர் மேசையில் கெட்சப்பைக்கூட எடுத்துத் தரும்படி கேட்க மாட்டார். கைக்கு எட்டாத கெட்சப் தனக்கு வேண்டாத கெட்சப் என்பது அவர் கொள்கை.

அவருக்கு எட்டாத கெட்சப்புகள் கொஞ்சம் அதிகம். இடது கை மணிக்கட்டோடு மரமறுக்கும் ஆலையில் போய்விட்டது. அந்த இடத்தில் பழைய சாக்ஸ் திணித்த ஆரஞ்சு நிறக் கம்பளிக் கையுறை ஒன்று வருஷம் முழுக்க இருக்கும். ஊரே அதைக் கை என்று ஒப்புக்கொண்டிருந்தது. கோடையில்கூட யாரும் "கையுறை எதுக்கு?" என்று கேட்டதில்லை. அந்த ஊரின் நாகரிகத்தில் கேள்வியும் கேட்பதுதானே.

அன்று கூடத்துத் தொலைக்காட்சியில் ஹாக்கி இல்லை. நாடாளுமன்றக் குழுவின் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி மசோதாவில் கடைசி நேரத்தில் ஒரு திருத்தத்தைச் செருகியிருந்தார்கள். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகங்களுக்கெல்லாம் தடை. தெருவில் ஆளைச் சுடுகிறவனின் துப்பாக்கியும் அதில் இருந்தது, ரெய்னோ மூஸ் மான் சுடும் துப்பாக்கியும் இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், பள்ளிக்கூடப் புகைப்படத்தில் நிற்பது போல.

அட்ரியன் வாஷோன் என்ற உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஒரு நல்ல வேட்டைக்காரருக்கு ஒரு தோட்டா போதும்."

ரெய்னோ பியர் டப்பாவை வைத்த வேகத்தில் மேசை ஒரு அடி நகர்ந்தது.

"போதுமாம்! வயித்துல அடிபட்ட மூஸ் சதுப்புக்குள்ள ஓடிப் போய்க் கிடந்து ராவெல்லாம் அலறிச் சாகும். ரெண்டாவது தோட்டா அதுக்குத்தான்டா! இவன் பாத்த பெரிய மிருகம் அவன் ஊர்ப் புறா!"

"சும்மா கத்தாத ரெய்னோ," என்றான் பக்கத்தில் இருந்த அர்மான். வருஷா வருஷம் ரெய்னோவின் வேட்டைக் கூட்டத்தில் வருகிறவன். நாலு பேருக்கு ஒரு ஆண் மூஸ், ஒரே அனுமதிச் சீட்டு. "உன் துப்பாக்கி போனா என்ன? எங்களுது இருக்கு. நீ குழல் ஊதி மூஸைக் கூப்பிடு, நாங்க சுடறோம்."

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் கூடம் முழுக்க தங்கள் தங்கள் பியரைப் பார்க்க ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். மற்றவர்களின் துப்பாக்கி ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற தாழைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். ரெய்னோ துப்பாக்கியின் முன்பக்கத்தை மொட்டை மணிக்கட்டின்மேல் சாய்த்து, வலது கையால் சுடுகிறவர். வலது கை போல்ட்டுக்குப் போனால் துப்பாக்கியைப் பிடிக்க ஆளில்லை. திருத்தம் நிறைவேறினால் அவர் வேட்டைக்காரர் இல்லை. வேட்டைக்காரர்களுக்கு ஊதல்காரர்.

"டேய் ரெய்னோ." சமையலறையிலிருந்து அவருடைய அக்கா ஹில்கா தலையை நீட்டினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சங்கத்தின் செயலாளர். "அந்தக் குழு எனக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்கு. வியாழக்கிழமை, இங்கேருந்தே வீடியோல பேசணும். நீயும் வந்து உக்காரு. அவங்க பாக்கட்டும்."

"எதைப் பாக்கட்டும்?"

 ஹில்கா கையுறையைப் பார்க்காமல் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா சாமி, ஏழை வேட்டைக்காரி வந்திருக்கேன், கொஞ்சம் கருணை காட்டுங்கன்னு மூணு நிமிஷம் கெஞ்சப் போறியா?" ரெய்னோ எழுந்து நின்று வலது கையை ஏந்திக் காட்டினார். கூடம் சிரித்தது. "நல்லா அழு, ஹில்கா. அழுதா அஞ்சு நிமிஷமாக்குவான். காங்காஸ் வம்சத்துல பிச்சை எடுத்த முதல் ஆளுன்னு உனக்குக் கல்வெட்டு வெக்கறேன்."

"கெஞ்சறதப் பத்தி நீ பேசாத," என்றார் ஹில்கா. "அக்டோபர் ஆனா சதுப்புல குந்திக்கிட்டு, மரப்பட்டைக் குழலை வாயில வெச்சு, பொட்டை மூஸ் குரல்ல 'வாயேன், வாயேன்'னு மணிக்கணக்கா கெஞ்சறது யாரு? நானா?"

இந்த முறை கூடம் இன்னும் சத்தமாகச் சிரித்தது.

"அது தந்திரம்," என்றார் ரெய்னோ.

செவ்வாய்க்கிழமை அவர்கள் தொகுதி எம்.பி. ப்ரென்ட் ஸ்டாக்டேல் வந்தார். வேட்டை ஜாக்கெட் போட்டிருந்தார். கடையில் மடித்து வைத்த மடிப்பு நான்காக அப்படியே இருந்தது. சபையில் இந்த மசோதாவைப் பற்றிப் பேசக் கிடைத்த நேரம் முழுவதையும் தன் தாத்தா மான்கறி சமைத்த விதத்துக்குச் செலவிட்டவர் அவர். மிளகு வரைக்கும் வந்தார், மணி அடித்துவிட்டது. கூடத்தில் மட்டும் காட்டமாகக் கத்தினார். கத்தி முடித்ததும் ரெய்னோவின் தோளில் கை போட்டார்.

"ரெய்னோ, ஒரே ஒரு போட்டோ. அந்தக் கையுறையக் கழட்டிட்டு. நன்கொடை கேட்டு மெயில் அனுப்பறோம்ல, அதுக்கு மேல போட்டா ஜனங்க அப்படியே கொதிச்சுப் போயிடுவாங்க."

ரெய்னோ தோளிலிருந்த கையை ஒரு நத்தையை எடுப்பது போல எடுத்தார்.

"இருக்கிற கையால அடிச்சா எப்படி இருக்கும்னு போட்டோ எடுத்துக்கிறியா?"

எம்.பி. போய்விட்டார். போகும்போது ஜாக்கெட் கதவில் மாட்டிக் கிழிந்தது. அதன்பின் அது கொஞ்சம் வேட்டை ஜாக்கெட் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை சமையலறை மேசையில் ஹில்கா கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். ரெய்னோ கேமராவுக்குத் தெரியாத மூலையில் துடைப்பத்தோடு நின்றார். கூட்டிக்கொண்டிருந்தாராம். கூட்ட ஒன்றுமில்லை. கேலி பண்ண வந்திருந்தார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி," என்று ஹில்கா தொடங்கியதும், ரெய்னோ மூலையில் நின்று துடைப்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஹில்கா திரும்பவில்லை. மூன்று நிமிஷமும் நிதானமாகப் பேசினார். அடிபட்ட மிருகத்தைப் பற்றிச் சொன்னார், குளிர்காலக் கறியைப் பற்றிச் சொன்னார். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். ஒருவர் சாலட் தின்றுகொண்டிருந்தார். இன்னொருவர் தன் போனைப் பார்த்துச் சிரித்தார். ரெய்னோவுக்குக் காது சுட்டது. தன் அக்காவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் போனில் எவளுடைய பூனையைப் பார்க்கிறான் இவன்?

வாஷோன் கண்ணாடியைச் சரிசெய்தார். "நன்றி, அம்மா. பொதுவாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரே ஒரு பெயர் போதும். இந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் வேட்டையே ஆட முடியாத ஒரு ஆள். ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

  மூலையின் பக்கம் ஹில்காவின் கண் திரும்பவே இல்லை. அதற்கு அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

"அப்படி யாரும்... பேர் சொல்ற மாதிரி இல்லைங்க."

"அப்படித்தான் நானும் நினைத்தேன்," என்றார் வாஷோன். சாலட்காரர் தலையாட்டினார். தன் அக்கா, இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளைப் பனியில் பத்திரமாக ஓட்டிக் கொண்டுபோனவள், நாடு பார்க்கப் பொய்க்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். யாருக்காக என்று ரெய்னோவுக்குத் தெரியும்.

பல்லால் கையுறையின் நுனியைக் கடித்து இழுத்தார். சாக்ஸ் தரையில் விழுந்தது. துடைப்பத்தோடு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"யார் இவர்?" என்றார் குழுத் தலைவர். "சாட்சிகள் வரிசையில் இவர் இல்லையே."

 ரெய்னோ துடைப்பத்தின் கம்பை மொட்டை மணிக்கட்டின்மேல் சாய்த்தார், அடிப்பக்கத்தைத் தோளில் வைத்தார், வலது கையால் பிடித்தார். வாஷோனின் சதுரத்தைக் குறி பார்த்தார். அதற்கு வேறு நல்ல இடம் இல்லை. பிறகு, போல்ட்டை இழுக்கப் போவது போல, வலது கையை எடுத்தார்.

துடைப்பம் விழுந்தது.

தலைநகர் ஒட்டாவாவில் சாலட் முள்கரண்டி நின்றது.

மேசை தாழ்வாக இருந்ததால் முகம் கேமராவில் தெரிய அவர் குந்த வேண்டியிருந்தது. குந்தினார். துடைப்பத்தை எடுத்து மறுபடி மணிக்கட்டின்மேல் வைத்தார். கோபம் கண்ணில் அப்படியே இருந்தது. வெளியே வந்த குரல் மட்டும், அக்டோபரில் சதுப்புக்கு மட்டும் தெரிந்த அந்தத் தணிந்த குரல்.

"இன்னொரு தடவை காட்டறேங்க," என்றார். "கொஞ்சம் பாருங்க. கேட்டுக்கறேன்."