மொருகா கோதாவில் லியோகாடியா

கார்னிவல் திருவிழாவின் திங்கட்கிழமை மதியம். மொருகாவில், ரம் கடைக்குப் பின்னால் இருக்கும் கம்புச்சண்டைக் கோதாவில் நான் மேளம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரைச் சாய்த்துவிட்டு, கம்பைத் தோளில் போட்டபடி அம்புரோஸ் நடுவில் நின்றான். நாலாவதாக உள்ளே வந்தது லியோகாடியா. கடற்கரையில் மீன் வெட்டி விற்பவள். அவள் தம்பி கத்பர்ட் மூங்கில் வேலியைப் பிடித்து நின்றான். போன கார்னிவலில் அவன் கம்பு கைநழுவிப் போன பிறகும் அம்புரோஸ் விடாமல் அடித்ததில் இடது கண் போயிற்று.

“வீட்டுக்குப் போம்மா,” என்றான் அம்புரோஸ். “பொம்பளைய அடிச்சான்னு ஊர் சிரிக்கும்.”

“வெறுங்கையா நின்னவன அடிச்சப்ப சிரிக்கலையா? கம்பத் தூக்கு. இல்ல, என் பாவாடைய வாங்கிக் கட்டிக்கிட்டு ஓடு.”

கூட்டம் ஊளையிட்டது. அவன் முகம் இறுகியது.

முதல் வீச்சை அவள் தலைக்குமேல் தடுத்தாள். இரண்டாவது, விலாவில் விழுந்தது. வலியில் ஒரு முழங்கால் மடங்கியபோதே அவள் கம்பு கீழிருந்து எழும்பி அவன் தாடையில் மோதியது. பல் ஒன்று என் மேளத்தின் அருகே வந்து விழுந்தது. அவன் துப்பிவிட்டுச் சிரித்தான். அடுத்த அடி அவள் நெற்றியைப் பிளந்தது.

தலை உடைந்தவர் நடுவில் தோண்டியிருக்கும் குழியில் குனிந்து ரத்தத்தை விடவேண்டும். அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். தோற்றவரை யாரும் தொடமாட்டார்கள். லியோகாடியா குழியருகே போய்க் குனிந்தாள். ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே அம்புரோஸ் பின்னாலிருந்து அவள் முதுகில் கம்பை இறக்கினான்.

மண்ணில் புரண்டு எழுந்தவளுக்கு முகமெல்லாம் சிவப்பு. குருட்டு வீச்சுதான் வீசினாள். அவன் மணிக்கட்டு முறிந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. கம்பை விட்டுவிட்டு அவன் மண்டியிட்டான்.

“அக்கா, கண்ணுல குத்து,” என்று கத்பர்ட் வேலியை உலுக்கினான். “குத்துக்கா.”

அவள் மூச்சு வாங்கியபடி தம்பியைப் பார்த்தாள். பிறகு வேலிவரை நடந்து போய்க் கம்பை அவனிடம் நீட்டினாள்.

“உன் கண்ணு. நீயே வந்து குத்து.”

கத்பர்ட் வேலியைத் தாண்டி வந்தான். அம்புரோஸ் உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, “வேணாம் கத்பர்ட், போன வருஷம் நான் குடிச்சிருந்தேன்,” என்றான். ஒற்றைக் கண்தான் என்பதால் கத்பர்ட்டுக்குக் குறி தப்பியது. முதல் அடி காதில் விழுந்தது. அதன்பிறகு எங்கே படுகிறது என்று அவன் பார்க்கவில்லை. ஏழு, எட்டு இருக்கும். லியோகாடியாதான் ஓடிப்போய்த் தம்பியின் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தாள். அவன் முழங்கை அவள் காயத்திலேயே இடித்தது. அத்தனை நேரமும் என் கை மேளத்தை நிறுத்தவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அம்புரோஸ் பிழைத்துக்கொண்டான். ஒரு காது கேட்காது. வலது கையால் தேநீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியாது. பிறகு நடந்த வழக்கில் கத்பர்ட்டுக்கு நாலு வருஷம் சிறை.

சண்டை நடந்த இரண்டாம் நாள், சாம்பல் புதனன்று, நெற்றியில் தையலோடு லியோகாடியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கம்ப ஏன் அவன்கிட்ட குடுத்த?” என்றேன்.

கத்தி நின்றது.

“அடிக்கமாட்டான்னு நெனச்சேன்யா,” என்றாள். “கைல வாங்கினதும் அழுதுட்டு கீழ போட்டுடுவான்னு நெனச்சேன்.”

இன்றுவரை அவள் தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போகவில்லை.